அச்சு முறிந்த ஊரில் ஒரு ரேம் கதை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுவில் இருக்கும் நண்பன் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராதுடா" என்றேன். "காதல் கவிதை ஒரு கட்டு வந்து கெடக்கு. நீ உருப்படியா ஒன்னு எழுது" என்றான். அதனால் எனக்குத் தெரிந்ததை, நான் பட்டதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்தருள்க!

என் ஊர் அச்சரப்பாக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பலபேர் தூங்கிக்கொண்டே கடந்து போகிற ஊர். ஆனால் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான், பிள்ளையாரை வணங்காமல் தேரில் ஏறிவிட்டாராம். தேரின் அச்சு இந்த இடத்தில் முறிந்துவிட்டதாம். அச்சு இற்ற பாக்கம், அச்சிறுபாக்கம் ஆகி, அச்சரப்பாக்கம் ஆனது என்பார்கள். ஆட்சீஸ்வரர் கோயிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் கதையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அப்பா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், பட்டா, சிட்டா எல்லாம் உண்டு. கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பழைய டி.டி.ஆர்.3 போர்டு, 4 ஜி.பி. ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். நான் முதலாம் ஆண்டு முடித்த 2024 கோடை விடுமுறையில் கடையில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறேன் என்ற மிதப்பு வேறு!

ஒரு நாள் சாயங்காலம் ஒரு அக்கா அவங்க அம்மாவோடு வந்தார். ஒரு அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அன்றைக்குத்தான் கடைசி நாள். "அண்ணே, பணம் பொரட்டறதுக்குள்ள நாளாயிடுச்சு, எப்பிடியாவது போட்டுக் குடுங்க" என்று அந்த அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் "போட்டுடலாம்பா" என்றேன்.

பிரவுசரில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பக்கம் திறந்து கிடந்தது. போட்டோவைச் சின்னதாக்க இன்னொரு சாஃப்ட்வேர் திறந்தேன். ஸ்கேனரையும் ஓட விட்டேன். அவ்வளவுதான். மவுஸ் நின்றது. ஹார்ட் டிஸ்க் மட்டும் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருந்தது. அப்பா, "இன்னாடா ஆச்சு?" என்றார். பொறுமை இல்லாமல் சுவிட்சை அணைத்துப் போட்டேன். மறுபடி எழுந்து வரப் பத்து நிமிஷம். மறுபடி நின்றது. பக்கத்துக் கடைகளைப் பார்த்தால் ஷட்டர் இறக்கியாயிற்று. நான் செய்த அவசரத்தில் முன்பு நிரப்பியதும் போயிற்று. நேரம் முடிந்துவிட்டது!

அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார். அவங்க அம்மாதான், "வுடும்மா, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றார். அப்பா பணம் வாங்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மறுநாளே மேல்மருவத்தூர் போய் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். என்னிடம் இருந்த பணம் பூராவும் கொடுத்து 8 ஜி.பி. ரேம் ஒன்று பழசில் வாங்கி வந்தேன். கடையில் சொருகப் பார்த்தால்... போகவில்லை! வாங்கியது டி.டி.ஆர்.4. நடுவில் இருக்கும் வெட்டுக் குறி வேறு இடத்தில் இருக்கிறது. கேட்காமல் வாங்கியது என் தப்பு. படிப்பது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்!

அப்பா அந்த ரேமைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கல்லா மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அப்போதுதான் நமது சீனியர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ரேம் பத்தலன்னு சொல்றியே, அன்னிக்கு மிஷின் உள்ளே என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னு தெரியுமா?" தெரியாது. பாடத்தில் 'பேஜிங்', 'ஸ்வாப்பிங்' என்று பத்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்திருந்தேன். கண் முன்னால் நடந்தபோது அடையாளம் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ரேம் நிறைந்துவிட்டால், ஆபரேட்டிங் சிஸ்டம் கொஞ்ச நாழியாகத் தொடாத பக்கங்களை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். ஒரு பக்கம் என்பது 4 கே.பி. அது மறுபடி தேவைப்பட்டால் எடுத்து வரும். எடுத்து வர இடம் வேண்டுமே? இன்னொன்றைத் தூக்கி வெளியே வைக்கும். அடுத்த நொடியே வெளியே வைத்ததுதான் வேண்டும் என்று கேட்கும். இப்படி எடுப்பதும் வைப்பதுமே வேலையாகிப் போவதைத்தான் 'திராஷிங்' என்கிறோம். ரேமில் இருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய 100 நானோ செகண்ட். ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுக்க ஏறக்குறைய 10 மில்லி செகண்ட். லட்சம் மடங்கு! ரேமை ஒரு செகண்ட் என்று வைத்துக்கொண்டால் ஹார்ட் டிஸ்க் ஒரு நாளைக்கும் மேல். அந்த அக்கா காத்திருந்தது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

சீனியர் அண்ணன் கடைக்கே வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். கூடவே 'இசட்-ரேம்' என்ற வசதியையும் போட்டுவிட்டார். தொடாத பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல், ரேமிலேயே ஒரு மூலையில் அழுத்திச் சுருக்கி வைப்பது. பல பக்கங்கள் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருங்கிவிடும். சுருக்குவதற்கும் பிரிப்பதற்கும் பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை. ஆனாலும் டிஸ்க்குக்கு நடந்து போவதைவிட எவ்வளவோ மேல். ஒரு பைசா செலவில்லை. கம்ப்யூட்டர் புதுசாகிவிடவில்லை, மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் நிற்கவில்லை.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. ரேம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு பாதி. இருப்பதை எப்படி நிர்வாகம் செய்வது என்பது மறு பாதி.

ஐந்தாம் செமஸ்டர் செமினாருக்கு அதனாலேயே இந்தத் தலைப்பை எடுத்தேன்: 'சி.எக்ஸ்.எல். நினைவகமும் ஆபரேட்டிங் சிஸ்டமும்'. சி.எக்ஸ்.எல். என்றால் கம்ப்யூட் எக்ஸ்பிரஸ் லிங்க். 2019 மார்ச்சில் இன்டெல் முதலிய கம்பெனிகள் சேர்ந்து அறிவித்த முறை. வழக்கமாக ரேம் என்றால் மதர்போர்டில் அதற்கென்று இருக்கிற ஸ்லாட்டில்தான் சொருக வேண்டும். ஒரு பிராசஸரில் இருந்து அத்தனை ஸ்லாட்டுக்குத்தான் கம்பி இழுக்க முடியும் என்று ஒரு எல்லை உண்டு. சி.எக்ஸ்.எல். முறையில், கிராபிக்ஸ் கார்டு சொருகுகிற பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியாகவே கூடுதல் நினைவகத்தைச் சேர்க்கலாம். பிராசஸர் அதையும் சாதாரண ரேம் போலவே நேரடியாகப் படிக்கும், எழுதும். 2020 நவம்பரில் வந்த 2.0 பதிப்பில், பல சர்வர்கள் ஒரே நினைவகக் குவியலில் இருந்து வேண்டியதைப் பிரித்து எடுத்துக்கொள்ள வழி வைத்தார்கள். 2022 மே மாதம் சாம்சங் 512 ஜி.பி. சி.எக்ஸ்.எல். மாட்யூலை அறிவித்தது.

'இதெல்லாம் நமக்கெதுக்கு?' என்று கேட்கலாம். நண்பர்களே, நினைவகத்தைக் கூட்டுவது என்பது ஒவ்வொரு தலைமுறையும் பட்ட பாடு. நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கம்ப்யூட்டரை நிறுவினார்கள். 370/155 என்ற ரகத்தை ஐ.பி.எம். 1970இல் அறிவித்தபோது, அதில் 'விர்ச்சுவல் மெமரி'க்கான முகவரி மாற்றும் சாதனம் கிடையாது. 1972இல்தான் ஐ.பி.எம். அந்த வசதியை அறிவித்தது. பழைய 155 வைத்திருந்தவர்கள் அதைத் தனியாக விலை கொடுத்துப் பொருத்த வேண்டியிருந்தது! பிறகு டாஸ் காலம். 640 கே.பி.யைத் தாண்ட முடியாமல் திண்டாடியபோது, 1985இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 'எக்ஸ்பாண்டட் மெமரி' கொண்டுவந்தன. 64 கே.பி. அளவில் ஒரு ஜன்னல், அதில் 16 கே.பி. பக்கங்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். சாதனம் பொருத்தியதும் வேலை முடியவில்லை, அதை அறிந்த சாஃப்ட்வேர் வேண்டியிருந்தது. அன்றைக்கும் அதே கதை, இன்றைக்கும் அதே கதை!

செமினாரில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் நம் சார் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்!

"தம்பி, ஓடிக்கிட்டு இருக்கிற மிஷின்ல புதுசா மெமரி சேர்க்கிறே. சேர்த்த உடனே, காலி மெமரி கூடணுமா, குறையணுமா?"

"கூடணும் சார்."

வகுப்பே தலையாட்டியது. சார் சிரித்தார். "முதல்ல குறையும்! ஏன்னு கண்டுபிடிச்சிட்டு வா. அப்புறம் மார்க் போடறேன்."

தூக்கமே வரவில்லை. சேர்த்தால் எப்படிக் குறையும்? குடத்தில் தண்ணீர் ஊற்றினால் மட்டம் இறங்குமா?

சி.எக்ஸ்.எல். கார்டு வாங்க நம்மிடம் ஏது காசு? ஆனால் 'கியூ-எமு' என்ற இலவச சாஃப்ட்வேரில் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உருவாக்கி, அது ஓடும்போதே பொய் ரேமைச் சொருகலாம். லேபில் 8 ஜி.பி. மிஷின் ஒன்றைக் கேட்டு வாங்கி, சாயங்காலம் உட்கார்ந்தேன். பொய்க் கம்ப்யூட்டருக்கு 2 ஜி.பி. கொடுத்தேன். தானாக ஆன் ஆகாதபடி வைத்துவிட்டு, 1 ஜி.பி. புதிதாகச் சொருகினேன். மெமரி ஃபோல்டருக்குள் மெமரி32 முதல் மெமரி39 வரை எட்டுப் புது ஃபோல்டர் முளைத்தன! ஒவ்வொன்றும் 128 எம்.பி. எட்டும் சேர்ந்தால் 1 ஜி.பி. நிலை என்ன என்று பார்த்தால், 'ஆஃப்லைன்'. காலி மெமரி எவ்வளவு என்று பார்த்தேன். சார் சொன்னது சரி! ஏறக்குறைய 16 எம்.பி. குறைந்திருந்தது.

கணக்குப் போட்டேன். லினக்ஸ் ஒவ்வொரு 4 கே.பி. பக்கத்துக்கும் ஒரு கணக்குச் சீட்டு வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் யார் கையில் இருக்கிறது, காலியா, பூட்டியிருக்கிறதா என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. ஒரு சீட்டுக்கு 64 பைட். 1 ஜி.பி.யில் 2,62,144 பக்கங்கள். பெருக்கினால் சரியாக 16 எம்.பி.! புது மெமரியைத் தொடுவதற்கு முன்னாலேயே, அதற்கான கணக்கேட்டைப் பழைய மெமரியில் எழுதி வைக்க வேண்டும். 1 டி.பி. சேர்த்தால் கணக்கேடு மட்டும் 16 ஜி.பி. நம் லேப் மிஷினைப் போல இரண்டு பங்கு! மெமரி பத்தவில்லை என்று திணறுகிற மிஷினில் அவசரமாகப் புதிது சேர்க்கப் போனால், கணக்கேட்டுக்கு இடம் இல்லாமல் சேர்ப்பதே தோற்றுப் போகலாம். இதனால்தான் பிற்பாடு, கணக்கேட்டைப் புது மெமரியிலேயே எழுதிக்கொள்ளும் வழியையும் லினக்ஸில் கொண்டுவந்தார்கள்.

பிள்ளையாருக்கு முதல் மரியாதை செய்யாமல் தேரைக் கிளப்பினால் அச்சு முறியும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள். எனக்குத்தான் லேபில் உட்கார்ந்த பிறகு புரிந்தது!

அன்று இரவு இன்னொன்றும் பார்த்தேன். சேர்த்த மெமரியைக் கழட்டப் பார்த்தால், முதல் தடவை முடியவில்லை. கெர்னல் தன் சொந்தப் பொருளை அதில் வைத்துவிட்டால், அதை நகர்த்த முடியாது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்குள் தூண் நட்ட கதை! 'நகர்த்தக் கூடியது மட்டும்' என்று சொல்லி ஆன் செய்தபோது, உள்ளே இருந்த பக்கங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு மெமரி சமர்த்தாகக் கழன்று வந்தது. பல சர்வர்கள் ஒரே குவியலில் இருந்து மெமரி எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால், இந்த ஒழுங்கு இல்லாமல் முடியாது.

இனி முக்கியமான விஷயம். சி.எக்ஸ்.எல். மெமரி டிஸ்க் போல மெதுவானது அல்ல. ஆனால் பக்கத்து ரேம் போல வேகமும் அல்ல. 100 நானோ செகண்டுக்குப் பதில் ஏறக்குறைய 170 முதல் 250 வரை ஆகும். ஆகவே எதை அருகில் வைப்பது, எதைத் தள்ளி வைப்பது என்று ஆபரேட்டிங் சிஸ்டம் முடிவு செய்ய வேண்டும்.

நமது செங்கல்பட்டு ஏரி மாவட்டம். மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். அதுபோல, ரேம் நிறைய ஆரம்பித்தால் தொடாத பக்கங்கள் சி.எக்ஸ்.எல்.லுக்கு வழியும். லினக்ஸ் 5.15 பதிப்பில், 2021இல், இப்படித் தாழ்ந்த நிலைக்கு இறக்கும் வசதி வந்தது. ஆனால் தண்ணீர் தானாக மேலே ஏறுமா? ஏற்றம் இறைக்க வேண்டும்! கீழே போன பக்கம் மறுபடி சூடானால், கண்டுபிடித்து மேலே தூக்க வேண்டும். கஷ்டம் அங்கேதான். எல்லாவற்றையும் தூக்கினால், எடுப்பதும் வைப்பதுமாக எங்கள் கடை மிஷின் கதை ஆகிவிடும். 2023இல் மெட்டா கம்பெனியாரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வெளியிட்ட 'டி.பி.பி.' என்ற ஆய்வில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். கீழே உள்ள பக்கத்தை ஒரே ஒரு தடவை தொட்டதும் நம்பாதே. மறுபடி தொட்டால் மேலே ஏற்று. மேலே எப்போதும் கொஞ்சம் காலி இடம் தயாராக வை.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பர் கட்டுகளைக் காட்டினார். மேசை மேல் ஏ-4, அலமாரியில் லீகல், வீட்டுப் பரணில் சார்ட். "காலையில ரெண்டு பேர் கேட்டாத்தான் பரணில இருந்து எடுத்தாருவேன். ஒருத்தர் கேட்டா எடுத்தாந்து வச்சா, மேசையில ஏ-4 வைக்க எடம் ஏது?" என்றார். ஆய்வுக் கட்டுரை எழுதாமலேயே அப்பா டி.பி.பி. நடத்திக்கொண்டு இருக்கிறார்!

எல்லாப் புது மெமரியும் ஜெயித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இன்டெல் கொண்டுவந்த 'ஆப்டேன்' மெமரி கரண்ட் போனாலும் மறக்காது. ஆனாலும் 2022இல் அந்தத் தொழிலையே மூடப்போவதாக இன்டெல் அறிவித்துவிட்டது. அதே சமயம் தேவை குறையவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் சர்வர்களைப் பற்றி 2023இல் வெளியிட்ட ஆய்வில், சில நேரம் மெமரியில் 25 சதவீதம் வரை எவருக்கும் பயன்படாமல் முடங்கிக் கிடக்கிறது என்று கண்டார்கள். ஒரு சர்வரில் பிராசஸர் தீர்ந்திருக்கும், மெமரி மிச்சம் இருக்கும். பக்கத்து சர்வருக்குத் தர வழியில்லை! 2025 கடைசியில் ரேம் விலை எப்படி ஏறியது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இருப்பதைப் பங்கிடத் தெரிந்தவன்தான் இனி பிழைப்பான்.

சார் மார்க் போட்டார். எவ்வளவு என்று சொன்னால் பெருமை ஆகிவிடும்.

கதையின் கடைசிப் பகுதி. அந்தத் தேர்வுக்கு அடுத்த அறிவிப்பு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. இந்த வருஷம் ஆரம்பத்தில் ஒரு நாள் கடையில் இருந்தேன். அதே அக்கா. அதே பிளாஸ்டிக் கவர். கடைசி நாள் இல்லை, அறிவிப்பு வந்த இரண்டாம் நாள். வேறு கடைகள் எத்தனையோ இருக்க, எங்கள் கடைக்கு ஏன் வந்தார் என்று தெரியவில்லை. "தம்பி, இந்த வாட்டி நிக்காதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

தேவையில்லாத பக்கங்களை மூடினேன். போட்டோ, கையெழுத்து, சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். அதே 4 ஜி.பி.தான். மவுஸ் ஒரு தடவை தயங்கியது. எனக்கு மூச்சே நின்றது. பிறகு நகர்ந்தது. பிரிண்டரில் விண்ணப்ப எண்ணோடு தாள் வந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கவருக்குள் வைத்தார். அப்பா இந்தத் தடவையும் பணம் வாங்கவில்லை. "போன வாட்டி பாக்கி இருக்கும்மா" என்றார்.

கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அந்த டி.டி.ஆர்.4 ரேமை, விலை ஏறியபிறகு வாங்கிய விலைக்கு மேலேயே கேட்கிறான் ஒரு நண்பன். கேட்டதற்கு அப்பா, "அது இருக்கட்டும்டா" என்கிறார். இருக்கட்டும்.

நண்பர்களே! நாம் பட்டயப் படிப்புக்காரர்கள். பெரிய சர்வர் அறைக்குள் நாளைக்கு வேலைக்குப் போகலாம், அல்லது பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடையே வைக்கலாம். எங்கே இருந்தாலும் மிஷின் நின்றால், எதிரே ஒருவர் கையில் கவரோடு காத்துக்கொண்டு இருப்பார். சுவிட்சை அணைப்பதற்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிப்போம்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணிப்பொறித் துறை